பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

உங்கள் குடியிருப்பில் ஒரே வாரத்தில் சில வீடுகளில் வயிற்றுப்போக்கு வந்ததையும், பழி ஒரு கடையின் மேல் விழுந்ததையும், கலப்படத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் காணொளிகள் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றத் தொடங்கியதையும் எழுதிவிட்டு, லேபிளைப் படித்து, எண் போட்ட ரசாயனங்கள் இல்லாததாகப் பார்த்து வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்த உணவு என்னை நாளைக்கே படுக்கையில் தள்ளுமா என்பது ஒன்று. பொட்டலத்தில் எழுதியிருப்பது உண்மைதானா என்பது இன்னொன்று. இதையே பல ஆண்டுகள் சாப்பிட்டால் உடம்பு என்னவாகும் என்பது மூன்றாவது. லேபிள் மூன்றாவது கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்லும். இரண்டாவதற்கு அதுவே சாட்சி, அதுவே குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் ஓரளவுதான் சொல்லும். முதல் கேள்விக்கு ஏறக்குறைய வாய் திறக்காது. நான் உணவு நுண்ணுயிரியல் படித்து, பரிசோதனைக்கூடத்திலும் பிறகு உணவு ஆலைகளின் தணிக்கையிலும் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், மருத்துவன் அல்லன்; அந்த எல்லைக்குள் நின்று பதில் எழுதுகிறேன்.

எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உணவால் இன்றோ நாளையோ வரும் நோய்களில் மிகப் பெரும்பாலானவை நுண்ணுயிரிகளால் வருபவை. லேபிளில் சிறிய எழுத்தில் அச்சாகும் சேர்க்கைப் பொருள்களால் வருபவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 60 கோடிப் பேர் மாசுபட்ட உணவால் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள்; அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த நுண்ணுயிரிகளில் எதுவும் தன் பெயரை மூலப்பொருள் பட்டியலில் எழுதிக்கொண்டு வருவதில்லை. கெட்டுப்போயிருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. உணவை நாறவும் நூல் விடவும் வைக்கும் நுண்ணுயிரிகள் வேறு. மனிதரை நோயில் தள்ளுபவை பெரும்பாலும் வேறு. சால்மொனெல்லா ஏறிய உணவு கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கக்கூடும். எனவே வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள், ஆனால் வாடை இல்லை என்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நுண்ணுயிரிகளைப் பெருக வைப்பவை நேரமும் வெப்பநிலையும். 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் அவை வேகமாகப் பெருகுகின்றன. ஆகவேதான் சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மறுபடி ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்பது எப்போதும் உண்மையல்ல. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உணவில் விட்டுச்செல்லும் நச்சும், வெந்த மாவுச்சத்து உணவுகளில் பேசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சும், நுண்ணுயிரி செத்த பிறகும் கொதிநீரைத் தாங்கி நிற்கும். குளிர்பதனப் பெட்டியும் நுண்ணுயிரிகளைக் கொல்வதில்லை, அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்; லிஸ்டீரியா 4 டிகிரியிலும் நிதானமாகப் பெருகும், அது கர்ப்பிணிகளுக்குக் குறிப்பாக ஆபத்தானது. இதனால் ஒரு கடையைப் பற்றித் தெரிந்துகொள்ள நான் முதலில் பொட்டலத்தைப் படிப்பதில்லை, கடையைப் படிக்கிறேன். குளிர்பெட்டி உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறதா, அதன் கொள்ளளவுக் கோட்டுக்கு மேல் பொருள்களை அடுக்கியிருக்கிறார்களா, உறைந்த பொட்டலத்துக்குள் பனிக்கட்டித் துகள்கள் திரண்டு கட்டியாகி அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்ததைக் காட்டுகின்றனவா, பச்சை இறைச்சி அப்படியே சாப்பிடும் பொருள்களுக்கு மேல் தட்டில் இருக்கிறதா, பணம் வாங்கிய கை கழுவப்படாமல் உணவைத் தொடுகிறதா என்றெல்லாம் பாருங்கள். உப்பிய தகர டின்னையும், விளிம்பு மடிப்பு நசுங்கிய டின்னையும் திறந்து ருசி பார்க்கவே வேண்டாம்; அத்தகைய டின்னுக்குள் வளரக்கூடிய கிருமி உண்டாக்கும் பாட்டுலினம் நச்சு மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

இனி, பழி சுமத்தப்பட்ட அந்தக் கடையைப் பற்றி. வயிறு கெட்டதும் நாம் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். ஆனால் உணவு வயிற்றுக்குள் போவதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே உள்ள காலம் கிருமிக்குக் கிருமி மாறும். ஸ்டெஃபைலோகாக்கஸ் நச்சு ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியை வரவழைக்கும்; சால்மொனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகலாம்; ஹெப்பட்டைட்டிஸ் ஏ வெளியே தெரிய 15 முதல் 50 நாள்கள் ஆகும்; லிஸ்டீரியா சில வேளைகளில் பல வாரங்கள் பதுங்கியிருக்கும். காலையில் வயிற்றுப்போக்கு வந்தவர் முந்தைய இரவு உணவைச் சந்தேகிப்பது இயல்பு, ஆனால் காரணம் அதற்கு இரண்டு நாள் முன்பு சாப்பிட்ட வேறொன்றாக இருக்கலாம், அல்லது உணவாகவே இல்லாமலும் இருக்கலாம். ஒரே குடியிருப்பில் பல வீடுகளில் அடுத்தடுத்து வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நான் கடையோடு சேர்த்துக் குடிநீர்த் தொட்டியையும் கேட்பேன், ஒன்றாக விளையாடும் பிள்ளைகளையும் கேட்பேன். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரத்தில் வெளிப்பட்டு, ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவக்கூடியது. நோயுற்றவர்கள் எல்லோரும், நோயுறாதவர்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கடந்த மூன்று நாளில் எதை எங்கே சாப்பிட்டார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று எழுதிப் பார்த்தால், நோயுற்றவர்களிடம் மட்டும் பொதுவாக இருப்பது எது என்பது தெரியவரும். நோயுறாதவர்களிடம் கேட்க மறந்துவிடுவதால்தான் பெரும்பாலான தெருவோரத் துப்பறிதல்கள் தவறான இடத்தில் முடிகின்றன. அந்தக் கடை குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தந்திருக்கும் தகவலை வைத்து அதைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

காலாவதித் தேதியிலும் இரு வேறு செய்திகள் ஒரே மாதிரி அச்சாகின்றன. ‘இந்தத் தேதிக்கு முன் பயன்படுத்தச் சிறந்தது’ என்பது சுவை, மொறுமொறுப்பு, மணம் ஆகியவற்றுக்கான உறுதி. அந்தத் தேதி கடந்த உலர்ந்த பிஸ்கட் நமத்துப் போயிருக்கலாம், நஞ்சாகியிருக்காது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக’ என்பது எளிதில் கெடும் பொருள்களின் பாதுகாப்புக்கான எல்லை. அதைத் தாண்டிச் சாப்பிட வேண்டாம். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 2018-இல் தன் லேபிள் விதிகளைத் திருத்தி இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தது, ஆனால் இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல உணவைக் குப்பையில் போடுவதும், மோசமானதைச் சாப்பிடுவதும் இன்னும் நடக்கின்றன. இரண்டு தேதிகளுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை இருக்கிறது: பொட்டலம் பிரிக்கப்படாமல், அதில் சொல்லப்பட்ட வெப்பநிலையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டியில் நான்கு மணி நேரம் கிடந்த பாலுக்கு அச்சிட்ட தேதி பொருந்தாது. பிரித்த பிறகும் பொருந்தாது.

எண் போட்ட ரசாயனங்கள் என்று நீங்கள் அஞ்சுவதற்கு வருகிறேன். அந்த எண்கள் சேர்க்கைப் பொருள்களை எல்லா மொழிகளிலும் அடையாளம் காண்பதற்காக வந்த பன்னாட்டு வரிசை எண்கள். 300 என்பது வைட்டமின் சி. 330 என்பது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். 100 என்பது மஞ்சளின் நிறப்பொருள். 500(ii) என்பது சமையல் சோடா. எண் இருப்பதே ஆபத்துக்கு அடையாளம் அல்ல. ஒரு சேர்க்கையை ஆராய்பவர்கள் விலங்குகளில் எந்தத் தீங்கும் காணப்படாத அளவைக் கண்டறிந்து, வழக்கமாக அதை நூறால் வகுத்துத்தான் மனிதர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க அளவை நிர்ணயிக்கிறார்கள். இதற்காக எல்லாச் சேர்க்கைகளும் ஒரே தரம் என்று நினைத்துவிட வேண்டாம். 250 என்ற சோடியம் நைட்ரைட் போடப்பட்ட பதப்படுத்திய இறைச்சியை அடிக்கடி சாப்பிடாதீர்கள் என்று நானே சொல்வேன். பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சேர்த்தது. ஆனால் அதே நைட்ரைட்தான் அந்த இறைச்சியில் பாட்டுலினம் கிருமியைத் தடுத்து வைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறுபக்கம், ‘இயற்கையானது’ என்ற சொல் பாதுகாப்பைப் பற்றி எதையும் உறுதி செய்வதில்லை. சரியாக உலராத தானியத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் முழுக்க முழுக்க இயற்கையானது, கல்லீரல் புற்றுநோயை வரவழைப்பது, சாதாரணச் சமையல் வெப்பத்தில் முழுமையாக அழியாதது.

எழுதியிருப்பது உண்மைதானா என்ற இரண்டாவது கேள்வியில், நுகர்வோரால் தனியாகச் செய்ய முடிவது குறைவு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2008-இல் சீனாவில், தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது வெளியே தெரியாமல் இருக்க, பிளாஸ்டிக் தயாரிக்கப் பயன்படும் மெலமைனைச் சேர்த்தார்கள். அங்கே பரிசோதனை நடக்காமல் இல்லை. நடந்த பரிசோதனை புரதத்தை நேரடியாக அளக்காமல் நைட்ரஜனை அளந்து கணக்கிடுவது, மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். 2013-இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று எழுதிய உணவுகளில் குதிரை இறைச்சி இருந்ததை மரபணுச் சோதனைதான் பிடித்தது. பரிசோதனைக்கூடமே எதைத் தேடுகிறதோ அதைத்தான் காண்கிறது என்றால், சமையலறையில் தீக்குச்சியோடு நடக்கும் சோதனையைப் பற்றி என்ன சொல்வது! உணவைக் கொளுத்தினால் எரிகிறது, ஆகவே அது பிளாஸ்டிக் என்கிறார்கள். மாவுச்சத்தும் கொழுப்பும் உலர்ந்திருந்தால் எரியத்தான் செய்யும். அயோடின் சொட்டு மாவுச்சத்து இருந்தால் நீலமாகும் என்பது சரி, ஆனால் அது வேறு எதையும் சொல்லாது. மசாலாப் பொடியின் நிறத்தைக் கூட்டச் சேர்க்கப்படும் ஈயச் சேர்மத்தை எந்த வீட்டுச் சோதனையும் அளந்து காட்டாது. அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவற்றை மறந்துவிடுவது நல்லது.

மூன்றாவது கேள்வியில்தான் லேபிள் உங்கள் கையில் இருக்கும் உண்மையான கருவி, ஆனால் பொட்டலத்தின் முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் ஆவணம். மூலப்பொருள்கள் தயாரிக்கும்போது இருந்த எடையின் இறங்கு வரிசையில் எழுதப்படுகின்றன. முழுத் தானிய ரொட்டி என்று பெரிதாக எழுதிவிட்டு முழுத் தானிய மாவை நான்காவது இடத்தில் வைத்திருந்தால், அது உண்மையில் எந்த மாவின் ரொட்டி என்பது தெரிந்துவிடும். சர்க்கரையை ஒரே பெயரில் எழுதினால் முதலிடத்துக்கு வந்துவிடும் என்பதால், குளுக்கோஸ் பாகு, டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், செறிவூட்டிய பழச்சாறு என்று நான்காகப் பிரித்து ஐந்தாவது, ஏழாவது இடங்களில் உட்கார வைப்பது சட்டத்துக்கு உட்பட்ட பழைய தந்திரம். சத்து அட்டவணையில் ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு என்ற பத்தியைப் பார்த்து ஒப்பிடுங்கள். மூவர் சாப்பிடும் அளவு என்று யாரும் நம்பாத சிறிய பொட்டலத்தை மூன்று பரிமாறல் என்று கணக்குக் காட்டுவது சர்வசாதாரணம்.

இரண்டு கணக்குகள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் எல்லா உணவிலுமாகச் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை என்பதால், அந்த 100 கிராமே ஐந்தில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. சர்க்கரைக்கு, உணவில் இருந்து வரும் ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழ் என்பது 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. தேனும் பழச்சாறும் இந்தக் கணக்குக்குள் வருபவை, முழுப் பழம் வராது. ‘கொழுப்பு குறைவு’ என்று எழுதினால் கோடெக்ஸ் அளவுகோலின்படி திட உணவில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக்கூடாது, ஆனால் குறைந்த கொழுப்பின் இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொள்வதை அந்தச் சொற்கள் தடுப்பதில்லை. தாவர எண்ணெய் மேல் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று எழுதுவது உண்மை, ஆனால் எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு ‘0 கிராம்’ என்றிருந்தாலும் மூலப்பொருள் பட்டியலில் பகுதியளவு ஹைட்ரஜனேற்றிய எண்ணெய் இருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு பரிமாறலில் அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று எழுத அமெரிக்கா போன்ற நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சொல்பவை அறிவியலிலேயே முடிவாகாதவை. மிகைப் பதப்படுத்திய உணவுகள், அதாவது ஆலையில் பல சேர்க்கைகளோடு உருவாக்கப்படுபவை, தம்மளவிலேயே கெடுதலா, அல்லது அவற்றில் உள்ள உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் வேகமாக விழுங்க வைக்கும் மென்மையும்தான் காரணமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை. அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனங்களின் ஆய்வு ஒன்றில் 20 பேர், அட்டவணையில் சத்துகள் சமமாக்கப்பட்ட இருவகை உணவுகளை வகைக்கு இரண்டு வாரம் விருப்பம்போல் சாப்பிட்டார்கள். மிகைப் பதப்படுத்திய வகையில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். 2019-இல் வெளியான அது சிறியது, ஆனால் கவனமாகச் செய்யப்பட்டது. நான் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன், அதை வைத்து ஒவ்வொரு பொட்டலத்தையும் விஷம் என்று சொல்லமாட்டேன். செயற்கை இனிப்பு அஸ்பார்டேமை 2023-இல் ‘புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளது’ என்று பன்னாட்டு முகமை வகைப்படுத்தியது. அதே நேரத்தில் மற்றொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய நாளளவை மாற்றத் தேவையில்லை என்றது. ஒன்று தீங்கு செய்ய முடியுமா என்று கேட்டது, மற்றது நாம் உண்ணும் அளவில் செய்கிறதா என்று கேட்டது. ஆகவே இரண்டும் முரண்படவில்லை.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் லேபிள் உயிர் சம்பந்தப்பட்டது, அவர்கள் ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும், ஏனெனில் அதே பெயரில் அதே பொட்டலத்தின் உள்ளடக்கம் மாறுவதுண்டு. ‘இருக்கக்கூடும்’ என்ற எச்சரிக்கை பெரும்பாலான நாடுகளில் நிறுவனம் தானாக எழுதுவது. அது இல்லாததால் அபாயம் இல்லை என்று கொள்ள முடியாது.

குடியிருப்பாகச் சேர்ந்து செய்யக்கூடியதைக் கேட்டீர்கள். சந்தேகப்படும் பொருளைத் தூக்கி எறியாமல், மூடி, குளிர்பதனப் பெட்டியில் தனியாக வையுங்கள். பொட்டலம், பேட்ச் எண், தேதிகள், ரசீது ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எண் இல்லாத புகாரை எந்த ஆலையாலும் பின்தொடர முடியாது. நோயுற்றவர்கள் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், மருந்து போன பிறகு கிருமியை வளர்த்துக் காண்பது கடினம். பிறகு உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்களே பணம் கட்டித் தனியார் பரிசோதனைக்கூடத்தில் வாங்கும் முடிவு உங்களுக்குத் தெளிவு தரலாம், ஆனால் முறைப்படி முத்திரையிட்டு அதிகாரி எடுத்த மாதிரிதான் நடவடிக்கைக்குச் சான்றாக நிற்கும். ஒரு கடையின் பெயரைக் கைபேசிக் குழுவில் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பெயர் போட்டபின் கடைக்காரர் குளிர்பெட்டியைக் கழுவிவிட்டிருப்பார், மாதிரி எடுக்கப் பொருள் இருக்காது.

உப்பைக் குறைக்க, சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு நல்லதா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வளர்ந்தவர்களுக்கு அதை நிபந்தனையோடு பரிந்துரைத்திருக்கிறது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் அந்தப் பரிந்துரைக்கு வெளியே. உங்கள் தந்தைக்குச் சிறுநீரகப் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள், அவருடைய பொட்டாசியம் அளவு எனக்குத் தெரியாத விஷயம். அவருடைய மருத்துவர் சொல்லும்வரை அந்த உப்பை அவர் தட்டில் போடாதீர்கள்.